டாக்டரின் ஹீட்டர் பிளக் வைத்தியம்

என் அக்காவின் கணவரைத் தெருவில் எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். லாரிகளுக்கு எலக்ட்ரிக் வேலை பார்க்கிறவர். ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதில் வைத்து, முனையை என்ஜின் மேல் ஊன்றி, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். என்ஜின் ஓடாமல் நிற்கும்போதும் கேட்பார். அதைப் பார்த்துவிட்டு டீக்கடைக்காரர் வைத்த பெயர் அது. வைத்தவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வைத்தார். இவர் அதைப் பட்டமாக வாங்கிக்கொண்டார். கொஞ்ச நாளிலேயே பட்டறைப் பலகையில் தன் பெயருக்கு முன்னால் அதை எழுத வைத்தார். பலகை பட்டறையைவிட அகலம். ஒரு பக்கம் பக்கத்து வீட்டுச் சுவரின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும்.

அவர் எப்படி எலக்ட்ரீசியன் ஆனார் என்பதை நூறு தடவை கேட்டிருக்கிறேன். டார்ச் லைட் கடையில் உட்கார்ந்திருந்த காலத்தில், தெருவில் ஒரு பஸ்ஸின் ஹாரன் சிக்கிக்கொண்டு ஓயாமல் அலறியதாம். இவர் போய்க் கைக்கு வந்த ஒயரைப் பிடுங்கினாராம். சத்தம் நின்றுவிட்டதாம். கூட்டம் கை தட்டியதாம். அந்த பஸ் அதற்கப்புறம் கிளம்பியதா என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். அன்றைக்குப் பிடுங்கத் தொடங்கியவர்தான், இன்றுவரை நிறுத்தவில்லை.

பட்டறை ஒரே தகரக் கொட்டகை. முன்பாதி அவருடையது. பின்பாதியில் அக்கா லாரி சீட்டுகளும் தார்ப்பாய்களும் தைக்கிறாள். கொட்டகைக்குப் பின்னால் இரண்டு அறைகளில் நாங்கள் குடியிருக்கிறோம். அவருடைய பாதியில் ஒரு கை வைத்த நாற்காலி, ஒரு மேஜை, மேஜைமேல் கழற்றிப் போட்டு மறுபடி மாட்டப்படாத சாமான்கள். அக்காவின் பாதியில் தையல் மெஷின், ரெக்சின் சுருள்கள், சாக்கு ஊசி, ஓயாத சத்தம். வீட்டில் அடுப்பு எரிவது எந்தப் பாதியால் என்பது அடுப்புக்குக்கூடத் தெரியும். டாக்டருக்கு மட்டும் தெரியாது. வருகிறவர்களிடம், "பொழுது போகணுமே, அதான் மெஷின் வாங்கிக் குடுத்திருக்கேன்" என்பார். அந்த மெஷின் எங்கள் அம்மா அக்காவுக்குக் கொடுத்தது.

அவர் கையில் கிரீஸ் படாது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே, "அந்த போல்ட்ட எடு, அந்த ஒயர இழு" என்று லாரிக்காரர்களையே வேலை வாங்குவார். ஒயர் விஷயம் என்றால் வண்டிக்குள் உட்கார்ந்து சாவி போட ஓர் ஆள் வேண்டும். அதற்கு நான். "சின்னவளே, போடு" என்றால் திருப்புவேன். "விடு" என்றால் விடுவேன். அந்த சீட்டில் உட்கார்ந்துதான் அவருடைய வைத்தியம் முழுவதையும் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

என் தம்பியிடம் ஒரு பழைய டீசல் லாரி இருந்தது. இரண்டு பேர் ஓட்டிக் களைத்த பிறகு இவன் கைக்கு வந்தது. பட்டறைக்கு முன்னால் தெரு நல்ல சரிவு. லாரியை மேட்டில் நிறுத்திவைப்பான். காலையில் பிரேக்கை விட்டதும் அது தானாக உருளும், கியரைப் போட்டுக் கிளட்சை விட்டால் உறுமிக்கொண்டு கிளம்பிவிடும். ஸ்டார்ட்டர் என்று ஒன்று இருப்பதையே நாங்கள் மறந்திருந்தோம். அந்த வண்டி பனியிலும் சட்டென்று கிளம்புவதைக் காட்டித்தான் டாக்டர் ஊர் முழுக்கப் பெருமை பேசினார். "யாரு கை வச்ச வண்டி?" என்பார். கை வைத்தது மேடு.

பிறகு தம்பிக்குப் பால் பண்ணையில் வேலை கிடைத்தது. விடியற்காலையில் பால் கேன்களை ஏற்றிக்கொண்டு நகரத்துக்குப் போகிற தடம். அவனுக்குக் கல்யாணம் பேசி வைத்திருந்தார்கள். நிலையான வேலை கிடைத்தால்தான் பேச்சு மேலே போகும் என்று பெண் வீட்டில் சொல்லியிருந்தார்கள். அதனால் அந்தத் தடம் அவனுக்கு உயிர். பண்ணையில் ஒரு நிபந்தனை உண்டு. சாயங்காலமே லாரி உள்ளே வந்து நிற்க வேண்டும். பண்ணை வாசல் உள்ளங்கை மாதிரி சமதளம்.

முதல் பனிக் காலையிலேயே விஷயம் வெளிப்பட்டது. ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை. பால் கேன் தூக்குகிற ஆட்கள் எல்லோரும் சேர்ந்து தள்ளினார்கள். தம்பி திரும்பி வந்து லாரியைப் பட்டறை முன்னால் நிறுத்தினான்.

"மாமா, சாவியத் திருப்பினா டேஷ்போர்டுல அந்தச் சுருள் செவக்கவே மாட்டேங்குது" என்றான்.

அந்தச் சுருளைப் பற்றிச் சொல்ல வேண்டும். டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது. குளிரில் எண்ணெய் பற்றிக்கொள்ள, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு ஹீட்டர் பிளக் சூடேற வேண்டும். தம்பியின் லாரியில் அப்படி நான்கு. பழைய வண்டி என்பதால் நான்கும் ஒரே வரிசை. கரண்ட் ஒன்றைக் கடந்துதான் அடுத்ததுக்குப் போகும், கடைசியில் என்ஜின் உடம்பில் இறங்கும். வரிசைக்கு முன்னால் டேஷ்போர்டில், துளையிட்ட சின்ன மூடிக்குள் ஒரு கம்பிச் சுருள். பிளக்குகள் சூடாகும்போது அதுவும் சிவக்கும். டிரைவர் அதைப் பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்வார். வரிசையில் ஒரு பிளக் அறுந்தாலும் சுருள் கறுப்பாகவே கிடக்கும்.

தம்பி சொன்னதில் முக்கால்வாசி விடை இருந்தது. டாக்டர் ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்தார்.

"பேட்டரி" என்றார்.

"ஸ்டார்ட்டர் நல்லா சுத்துதே மாமா."

"சுத்தும் மாப்ளே. சாகப்போற கோழியும் ரெண்டு சுத்து சுத்தும்."

பக்கத்து லாரியின் பேட்டரியைக் கடன் வாங்கி மாட்டினார்கள். சுருள் கறுப்பு. அடுத்து, முந்தின வாரம் வேறு ஒரு வண்டியில் ஸ்டார்ட்டர் கெட்டிருந்த ஞாபகம் அவருக்கு வந்தது. போன வண்டிக்கு எது கெட்டதோ அதுதான் இந்த வண்டிக்கும் கெட்டிருக்கும் என்பது அவர் பார்க்கிற முறை. தம்பி ஸ்டார்ட்டரைக் கழற்றினான், துடைத்தான், மாட்டினான். சுருள் கறுப்பு. டீசலில் தண்ணீர் என்றார். வடித்துப் பார்த்தால் தண்ணீர் இல்லை. "இறங்கிடுச்சு" என்றார். எங்கே இறங்கியது என்று சொல்லவில்லை.

கடைசியில் வேறு போக்கில்லாமல் பிளக்குகள் பக்கம் வந்தார். சோதனை லைட் என்று ஒன்று இருக்கிறது. ஒரு சின்ன பல்பு, இரண்டு ஒயர், முனையில் ஒரு கவ்வி. வரிசையில் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் வைத்துக்கொண்டே போனால், பல்பு எங்கே எரியாமல் போகிறதோ அதற்கு முந்தின பிளக்தான் அறுந்தது. குழந்தைகூடக் கண்டுபிடிக்கும். டாக்டரிடம் சோதனை லைட் இருந்தது. அதை மேஜை விளக்காக மாற்றிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பிளக் பார்க்க அவருக்கு ஸ்க்ரூடிரைவர் போதும். தலைக்குத் தலை முனையை உரசினார். பொறி பறந்தது, ஒரு இடத்தில் பறக்கவில்லை, இன்னொரு இடத்தில் அவர் கை நடுங்கியதால் பறந்தது. எப்படியோ ஒன்றைக் காட்டி, "இதான் நோயாளி" என்றார்.

"அப்ப புதுசு வாங்கிட்டு வரட்டுமா மாமா?"

"எதுக்கு? நாலு பேர் தூக்குற கட்டில்ல ஒருத்தன் விலகினா மூணு பேர் தூக்க மாட்டாங்களா? தாண்டி விட்டுடலாம்."

செத்த பிளக்கின் முன்னும் பின்னும் ஒரு துண்டு ஒயரைப் போட்டு முறுக்கினார். கரண்ட் அந்த பிளக்கைத் தொடாமல் தாண்டிப் போக வேண்டும், அவ்வளவுதான். "சின்னவளே, போடு."

போட்டேன். சுருள் சிவந்தது. முன்பெல்லாம் மெதுவாக, அடுப்புக் கரி கனிகிற மாதிரி சிவக்கும். இப்போது சட்டென்று, ஆரஞ்சாகவே வந்தது. டீக்கடையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர், "முன்னவிட பளிச்சுன்னு இருக்கே டாக்டர்" என்றார்.

"டாக்டர்னா சும்மாவா" என்றார் இவர், தானே.

தெருவும் அவருக்கு ஏற்ற தெரு. எரிந்தால் போதும், எது எரிகிறது என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். அதற்குப் பிறகு வெளிச்சம்தான் அவருக்கு அளவு. சுருள் எவ்வளவு பளிச்சென்று எரிகிறதோ அவ்வளவு நல்ல வேலை. மூன்று பிளக்குகளுடன் லாரி வெள்ளைப் புகையைக் கக்கி, நொண்டி, இருமிக் கிளம்பியது. புகையைக் கேட்டால், "பனி" என்றார்.

பனிக்காலத்தின் நடுவில் சுருள் மறுபடியும் கறுத்தது. இன்னொரு பிளக் அறுந்திருந்தது. பண்ணை ஆட்கள் மறுபடியும் தள்ளினார்கள். பண்ணை மேற்பார்வையாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தாராம். டாக்டர் இன்னொரு துண்டு ஒயரை வெட்டினார். இப்போது நான்கில் இரண்டுதான் மிச்சம். சாவியைத் திருப்பினேன். சுருள் மஞ்சளாகி, கண்ணை உறுத்துகிற வெளுப்புக்குப் போனது. டேஷ்போர்டுக்குப் பின்னால் ரப்பர் பொசுங்குகிற வாடை. நான் சாதாரணமாக அவரிடம் எதுவும் சொல்லமாட்டேன். அன்றைக்குச் சொன்னேன்.

"மாமா, ஒரு பிளக்க தாண்டுறப்போல்லாம் வெளுப்பு ஏறுது. மிச்சம் இருக்குறது மேல பாரம் விழுதுபோல."

அவர் என்னைப் பார்க்காமல் டீக்கடையைப் பார்த்தார். "கேட்டீங்களா? வெளிச்சமா எரிஞ்சா குத்தமாம். வீட்டுக்குள்ள ஜீரோ வாட்ஸ் பல்பு மாட்டிக்கிட்டு உக்காரச் சொல்லுங்க இவள."

சிரித்தார்கள். பின்பாதியில் மெஷின் நின்றது. அக்கா தலையைத் தூக்கிப் பார்த்தாள். மறுபடி மிதித்தாள்.

மறுநாள் காலை லாரி கிளம்பவில்லை. கேன்கள் வெயில் ஏறும்வரை வாசலில் காத்திருந்தன. மேற்பார்வையாளர் தம்பியைக் கூப்பிட்டு, "நாளைக்குக் காலையில ஒருத்தர் கைகூட வண்டி மேல படக்கூடாது. தள்ளினா, தடம் வேற வண்டிக்குப் போயிடும்" என்று சொல்லிவிட்டார். தம்பி பட்டறைக்கு வந்து, மாமாவிடம் போகாமல், நேராக அக்காவின் மெஷின் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தான். அதுவரை அவன் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"அழாத" என்றாள் அக்கா.

"அழலக்கா. ரெக்சின் நாத்தம்."

சாப்பாட்டுக்குப் பிறகு டாக்டர் தூங்குவார். முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு, ஊரின் எல்லா லாரிகளையும் சரிசெய்து களைத்த மனிதரைப்போலத் தூங்குவார். குறட்டை ஏறும்வரை அக்கா காத்திருந்தாள். தம்பியை உதிரிபாகக் கடைக்கு அனுப்பினாள். கடைக்காரர் அவன் சொன்னதைக் கேட்டு, தலையில் கை வைத்துக்கொண்டாராம்.

"தாண்டி ஒயர் போட்டானா? எவன் அது? நாலும் பங்கு போட்டுக்க வேண்டிய கரண்ட்டுப்பா. ஒண்ண விலக்கினா மிச்சத்துக்கு அளவு மீறிப் போகும், ஒவ்வொண்ணா வேகும். நாலையும் மாத்து. பழசச் சோதிக்கணும்னா பேட்டரில நேரா வைக்காத, கண்ணு முன்னாடியே எரிஞ்சிடும். நடுவுல ஒரு பல்பு வச்சுப் பாரு."

தம்பி நான்கு புதிய பிளக்குகளோடு வந்ததும் மேஜை விளக்கை அக்கா பிரித்தாள். அது மறுபடியும் சோதனை லைட் ஆனது. முறுக்கிய துண்டு ஒயர்களைக் கழற்றி வீசினோம். தம்பி பிளக்குகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தான். ஒன்று முனை வீங்கி வர மறுத்தது. எண்ணெய் விட்டு, முன்னும் பின்னுமாக ஆட்டி, வெளியே கொண்டுவருவதற்குள் அவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. உடைந்து உள்ளே விழுந்திருந்தால் என்ஜினையே பிரிக்க வேண்டும். பேட்டரியிலிருந்து பல்பு வழியாக ஒவ்வொரு பிளக்கையும் தொட்டுப் பார்த்தோம். ஒன்றுக்குக்கூட பல்பு எரியவில்லை. நான்கும் செத்திருந்தன. டாக்டர் முதலில் தாண்டிவிட்டது ஒன்று, அவர் தாண்டிவிட்டதால் செத்தவை மூன்று.

அக்கா ஒயர் முனைகளையும், பிளக்குகளை இணைக்கிற தகட்டுப் பட்டைகளையும் உப்புத்தாளால் தேய்த்தாள், பளபளப்பு வரும்வரை. பொசுங்கியிருந்த ஒயரை மாற்றினாள். சீட் உறைக்குத் தையல் பிடிக்கிற விரல்கள் நட்டுகளையும் பிடித்தன. புதிய பிளக்குகள் நான்கையும் மாட்டினார்கள். நான் சாவியைத் திருப்பினேன். சுருள் ஒன்றும் செய்யாததுபோலக் கொஞ்ச நேரம் கிடந்தது. பிறகு மங்கலாக, பிறகு ஆழமாக, கரி கனிகிற மாதிரி நிதானமாகச் சிவந்தது. ஸ்டார்ட் செய்தேன். புகையே இல்லாமல் என்ஜின் பிடித்தது.

அந்தச் சத்தத்தில் டாக்டர் எழுந்துவிட்டார்.

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். என்ஜினை நிறுத்தச் சொன்னார். சாவியைத் திருப்பச் சொன்னார். சுருளை உற்றுப் பார்த்தார்.

"யாரு கை வச்சது?"

தம்பி ஸ்பானரை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"மங்கிப் போச்சே. எப்படி எரிஞ்சுது, இப்ப பாரு, சீக்காளி கண்ணு மாதிரி. வச்சிருந்த வெளிச்சத்தையெல்லாம் எவனோ எடுத்துட்டான்."

"மாமா, வண்டி கெளம்புது மாமா" என்றான் தம்பி.

"மத்தியானத்துல எந்த வண்டியும் கெளம்பும் மாப்ளே. காலையில நிக்கும். ஒரே ஒரு ஒயர். ஒண்ண மட்டும் தாண்டி விட்டா பழைய வெளிச்சம் வந்துடும். நகரு."

டீக்கடையில் ஆட்கள் சேர்ந்துகொண்டிருந்த நேரம். அவருக்கு லாரி கிளம்புவது முக்கியமில்லை. தன் வெளிச்சம் திரும்ப வர வேண்டும். மேஜையில் ஒயரைத் தேடி வெட்டிக்கொண்டிருந்தார். சாயங்காலத்துக்குள் லாரி பண்ணைக்குப் போக வேண்டும். தம்பி அவரைத் தடுக்க முடியாது. அக்காவின் கணவர், வயதில் பெரியவர். அவன் என்னைப் பார்த்தான். நான் இறங்கிவிட்டேன். சாவி என் கையில்தான் இருந்தது.

அக்கா சாக்கு ஊசியையும் நூலையும் எடுத்துக்கொண்டு போய், பானட்டை அழுத்திச் சாத்திவிட்டு, டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினாள். அந்த லாரியில் பானட்டைத் திறக்கிற பிடி உள்ளே, டிரைவரின் முழங்காலுக்குப் பக்கத்தில் இருக்கும். அதை இழுக்காமல் வெளியிலிருந்து யாராலும் திறக்க முடியாது. பக்கத்து சீட்டின் கிழிந்த உறையை மடியில் போட்டுக்கொண்டு தைக்கத் தொடங்கினாள்.

டாக்டர் கையில் துண்டு ஒயருடன் வந்து பானட்டைத் தட்டினார். "தொற."

"தைக்கிறேங்க."

"அப்புறம் தைக்கலாம். பானட்டத் தொற."

"இப்பவே தைச்சு முடிக்கணும். தம்பி கெளம்பணும்."

"என்னடி இது? தெருவுல நிக்க வச்சு விளையாடுற?"

அக்கா ஒரு தையலை இழுத்து முடிச்சுப் போட்டாள். நூலைப் பல்லால் கடித்தாள். கண்ணாடிக்கு வெளியே அவரைப் பார்த்தாள். அவள் அவரை அதுவரை "என்னங்க" என்பதைத் தவிர வேறு எப்படியும் கூப்பிட்டது கிடையாது.

"டாக்டர், இந்த வண்டிக்கு ஒடம்பு சரியாயிடுச்சு. நீங்க வீட்டுக்குப் போங்க."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் டீக்கடைக்குக் கேட்டது. அங்கே யாரும் சிரிக்கவில்லை. டீக்கடைக்காரர் மட்டும் குனிந்து டம்ளர் கழுவினார், கழுவிய டம்ளரையே திரும்பவும் கழுவினார். டாக்டர் சுற்றிப் பார்த்தார். இத்தனை வருஷமாகக் கேட்ட சொல்தான். அவருக்கு இப்போதுதான் காதில் விழுந்தது என்று நினைக்கிறேன். ஒயரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "மங்கலா எரிஞ்சா நான் பொறுப்பில்ல" என்று லாரியைப் பார்த்துச் சொல்லிவிட்டு நாற்காலிக்குப் போனார்.

அக்கா உறையைத் தைத்து முடித்தாள். பிறகுதான் இறங்கினாள். தம்பி என்னிடம் சாவியை வாங்கிக்கொண்டு லாரியைப் பண்ணைக்குக் கொண்டு போனான்.

காலையில் நல்ல பனி. அவன் சொன்னதுதான் எனக்குத் தெரியும். சாவியைத் திருப்பினானாம். சுருள் சிவக்கிறவரை மேற்பார்வையாளர் ஜன்னலுக்கு வெளியே நின்றாராம். ஒரே திருப்பு, என்ஜின் பிடித்துக்கொண்டது. கேன் தூக்குகிற ஆட்கள் பழக்கத்தில் பின்னால் வந்து நின்றிருந்தார்கள், தள்ள ஒன்றுமில்லாமல் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார்கள். "நாளைக்கும் வா" என்றாராம் மேற்பார்வையாளர். தடம் அவனுக்கே நின்றது. பெண் வீட்டிலும் பேச்சு மேலே போயிற்று.

டாக்டர் அன்றைக்கே டீக்கடையில் உட்கார்ந்து, "நாலையும் மாத்துன்னு சொன்னதே நான்தான். பொம்பளைங்க கையில வேலை குடுத்துப் பழக்கணும்னு விட்டேன்" என்றார். மேஜையில் அந்த நான்கு செத்த பிளக்குகளையும் துடைத்து வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார். போன வாரம் செங்கல் லாரிக்காரர் ஒருவருக்கு அதில் ஒன்றை நல்ல பிளக் என்று எடுத்து நீட்டினார். பின்பாதியிலிருந்து அக்கா, "அண்ணே, அது செத்தது, கடையில புதுசு வாங்கிக்கோங்க" என்றாள். மெஷினை நிறுத்தாமலே சொன்னாள். அவர் பிளக்கைத் திரும்ப வைத்துவிட்டு, ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துக்கொண்டார்.

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. யாராவது டாக்டர் என்று கூப்பிட்டால் ஒரு நொடி அவர் கண் அக்காவின் பாதிக்குப் போகிறது. பெயின்டரைக் கூப்பிட்டுப் பலகையில் அந்த ஒரு சொல்லின் மேல் மட்டும் வெள்ளை அடிக்கச் சொன்னார். அவன் ஒரு பூச்சுதான் அடித்திருக்கிறான். வெயில் விழுந்தால் அடியில் இருக்கிற எழுத்து நன்றாகவே தெரிகிறது.